மூணு நாளில் நாலு மேட்ச்: சேலத்துக் கல்லூரி அணி ஃபுட்பால் கோப்பை வெல்ல

இன்டர் காலேஜ் ஃபுட்பால் பேச்சு எடுத்தாலே, "அந்த டீம்ல ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கான் சார், அவன் ஒருத்தன் போதும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒருத்தனை வைத்திருக்கும் அணி முதல் நாள் அஞ்சு கோல் போடும். மூன்றாம் நாள் காலை செமி ஃபைனலில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே புது பஸ் ஸ்டாண்டில் நிற்கும். காரணம் ஆட்டத் திறமையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. கல்லூரிக் கோப்பை பெரும்பாலும் நாக் அவுட், ஒரு முறை தோற்றால் வெளியே. மூன்று நாளில் நான்கு மேட்ச், அதில் ஒரு நாள் காலையும் மாலையும் சேர்த்து இரண்டு. யாரை எடுப்பது, எவ்வளவு ஓட விடுவது, என்ன சாப்பிடக் கொடுப்பது, கடைசியில் பெனால்ட்டியை யார் அடிப்பது என்று எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சேலத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குப் பெரியார் பல்கலைக்கழகப் போட்டி. 1997-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டக் கல்லூரிகளோடு மோத வேண்டும். பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டி தனி. கோப்பை கல்லூரியோடு நின்றுவிடும். நன்றாக ஆடிய பையன்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். அங்கிருந்து தென்மண்டலப் போட்டி, அதையும் தாண்டினால் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்கான அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி.

பிக்ஸ்சர், அதாவது மேட்ச் அட்டவணை, கைக்கு வந்ததும் கேப்டன் முதலில் பார்க்க வேண்டியது எதிராளி யார் என்று அல்ல, தனக்கு எத்தனை மேட்ச் என்று. நாக் அவுட்டில் மொத்த மேட்ச், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 21 அணி வந்தால் 20 மேட்ச். 21-க்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கு 32. 32-ல் 21 போக 11 அணிக்கு 'பை', அதாவது முதல் சுற்று ஆடாமலே நேராக இரண்டாம் சுற்று. மீதிப் பத்து அணி முதல் சுற்றில் ஐந்து மேட்ச் ஆடும். பை கிடைத்தால் கோப்பைக்கு நான்கு மேட்ச், கிடைக்காவிட்டால் ஐந்து. அந்த ஐந்தாவது மேட்ச்தான் பல அணிகளைக் காலி செய்கிறது. அது மாதிரியே, பாதி ஆட்டம் 45 நிமிடமா, 35-ஆ, 30-ஆ, டிராவானால் எக்ஸ்ட்ரா டைம் உண்டா, இல்லை நேராகப் பெனால்ட்டி அடித்து முடிவு செய்யும் டை பிரேக்கரா, எத்தனை சப்ஸ்டிட்யூட், மஞ்சள் அட்டை அடுத்த மேட்சுக்கும் சேருமா என்ற நான்கையும் மேனேஜர்ஸ் மீட்டிங்கில் வாய்விட்டுக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போட்டி இது மாறும். "போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சு" என்பது செல்லாது.

காகித விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பல்கலைக்கழக அளவில் 17 வயதிலிருந்து 25 வரை என்ற வயது வரம்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், அடையாள அட்டை, போட்டோ ஒட்டி முதல்வர் கையெழுத்திட்ட எலிஜிபிலிட்டி பாரம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். மூலச் சான்றிதழும் ஒரு பையில் மைதானத்துக்கு வர வேண்டும். ஒரு பையனின் பிறந்த தேதி இரண்டு தாளில் இரண்டு விதமாக இருந்தால் போதும், தோற்ற அணி புரோட்டஸ்ட் கொடுக்கும். ஜெயித்த மேட்ச் கையை விட்டுப் போகும். பாரத்தை ஜூலையிலேயே நிரப்பிவிடுங்கள். போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு கேட்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதமும் அப்போதே துறைத் தலைவர் மேஜைக்குப் போகட்டும். இன்டர்னல் தேர்வும் செமி ஃபைனலும் ஒரே நாளில் வந்தால் நல்ல சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) தேர்வுக்குத்தான் போவான். போகவும் வேண்டும்.

இனிப் பயிற்சி. ஜூன் கடைசியில் கல்லூரி திறந்து போட்டி செப்டம்பரில் என்றால் கையில் பத்து வாரம், மிஞ்சினால் பன்னிரண்டு. நேரம்தான் பெரிய சிக்கல். பாதிப் பேர் டே ஸ்காலர். ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, எடப்பாடி என்று நாலு திக்கிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிடித்து வைத்தால் வீடு போய்ச் சேர ஒன்பது ஆகிவிடும். மறுநாள் காலை வரமாட்டார்கள். ஷிஃப்ட் முறை இருக்கும் கல்லூரியில் இன்னும் மோசம், ஒரு பாதி வரும்போது மறு பாதி வகுப்பில் இருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் அரைகுறை அணியோடு ஆடுவதைவிட, முழு அணியும் சேரும் மூன்று நாள் மேல். விடுதிப் பையன்களுக்கு மட்டும் மற்ற நாட்களில் ஓட்டமும் உடற்பயிற்சியும் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளும் முதல் 20 நிமிடம் 'ஃபிஃபா 11 பிளஸ்' வார்ம் அப். மூன்று பகுதி, மொத்தம் பதினைந்து பயிற்சி: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலு, குதித்தல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்தால்தான் காயம் குறையும். நம் பையன்கள் நடுப்பகுதியைத்தான் ஏமாற்றுவார்கள். அதிலும் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் முட்டி போட்டு உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி. தொடைப் பின்தசை கிழியாமல் இருக்க அதைவிட மலிவான வழி இல்லை. முதல் வாரம் மூன்று முதல் ஐந்து முறை போதும். ஆர்வத்தில் இருபது செய்தால் நான்கு நாள் படி இறங்க முடியாது.

மூச்சுக்குத் தனியாக மைதானத்தைச் சுற்றி பத்து ரவுண்டு ஓட விடுவது பழைய பழக்கம். அதில் பந்தும் இல்லை, திருப்பமும் இல்லை. 30 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம் போட்டு நாலுக்கு நாலு ஆட விடுங்கள். 4 நிமிடம் முழு வேக ஆட்டம், 3 நிமிடம் நடை, இப்படி நான்கு முறை. வெளியே நாலு பேர் பந்தோடு நின்று, பந்து வெளியேறிய நொடியே இன்னொன்றை உள்ளே தள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பாதி நேரம் முள்வேலிக்குள் பந்து தேடுவதிலேயே போகும். வாரத்தில் ஒரு நாள் 30 மீட்டர் ஸ்பிரின்ட் ஆறு, நடுவில் 20 நொடி ஓய்வு. இதை இரண்டு செட்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை ஏறக்குறைய எந்த அணியும் செய்வதில்லை. எட்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு முழு மேட்ச், சாயங்காலம் மூன்றரைக்கு இன்னொன்று, ஞாயிறு காலை மூன்றாவது. பக்கத்துக் கல்லூரி, ஊர் கிளப், பழைய மாணவர்கள் என்று யார் கிடைத்தாலும் சரி. முடிவு ஒரு பொருட்டல்ல. ஞாயிறு காலை அறுபதாவது நிமிடத்தில் எவன் இன்னும் தன் ஆளோடு திரும்பி ஓடுகிறான், எவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் என்று பார்த்து எழுதுங்கள். சனிக்கிழமை காலை ஜொலித்தவன் பெயர் இன்னும் ஓடுகிறவர்கள் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் உண்மையான பதினொரு பேர் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிவார்கள். போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள்.

ஏற்காடு கேம்ப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்து அணிகளுக்கு மலை பக்கத்திலேயே இருப்பதால் "மேலே போய் ஒரு வாரம் ஓடினா ஸ்டாமினா ஏறும்" என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ரத்தத்தில் மாற்றம் வரும் அளவுக்கு உயரப் பயிற்சி என்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே, மூன்று நான்கு வாரம் தங்க வேண்டும். ஒரு வாரத்தில் நுரையீரலுக்குக் கிடைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. இழப்பதுதான் அதிகம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். போட்டிக்கு முந்தைய வாரம் குளிரில் ஓடிவிட்டுக் கீழே இறங்கினால் அந்தப் பழக்கம் கரையத் தொடங்கியிருக்கும். இன்னொன்று, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கத்தில் ஓடுவது. இருபது வளைவையும் ஓடி இறங்குவது வீடியோவுக்கு அழகாக இருக்கும். தொடை முன்தசையில் வரும் வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், முட்டியும் சேர்ந்து பேசும். வண்டிப் போக்குவரத்து வேறு. மலைக்குப் போக ஆசைப்பட்டால் ஜூலையில் போங்கள், அணி ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்ள நல்ல இடம். ஏற்றத்தில் மட்டும் ஓடுங்கள், இறங்கும்போது பஸ்.

மைதானம் அடுத்து. நம் பக்கம் பெரும்பாலான கல்லூரி மைதானம் செம்மண், மேலே பொடிக்கல். இங்கே தொலைக்காட்சியில் பார்க்கிற புல்தரை ஆட்டம் ஓடாது. உயரத்திலிருந்து வரும் பந்து தரையில் ஒரு முறை குத்தினால் டிஃபெண்டர் தலைக்கு மேலே எகிறிப் போய்விடும், பின்னால் ஓடி வருகிறவன் தனியாக கோலியிடம் (கோல் கீப்பரிடம்) போவான். கல்லூரி மேட்சில் விழும் கோல்களில் இந்த வகையை அடிக்கடி பார்க்கலாம். அதனால் பின்வரிசைக்கு ஒரே சட்டம்: குத்த விடாதே. தலையோ மார்போ காலோ, முதல் தொடுகை தரையுடையதாக இருக்கக் கூடாது. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்: கோலி நடுக்கோட்டிலிருந்து உயரமாக உதைக்க, இரண்டு சென்டர் பேக்கில் ஒருவன் "என்னுது!" என்று கத்திக்கொண்டே ஏற வேண்டும், மற்றவன் ஐந்தாறு மீட்டர் பின்னால் சரிய வேண்டும். இருவருமே ஏறுவதுதான் தப்பு. கத்தாமல் ஏறுவது அதைவிடப் பெரிய தப்பு.

பந்தின் காற்றும் இதோடு சேர்ந்தது. ஐந்தாம் நம்பர் பந்து சுற்றளவு 68-70 சென்டிமீட்டர், எடை 410-450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. கல்தரையில் 9 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் கட்டுக்குள் நிற்கும். ஆனால் போட்டிப் பந்து நம்முடையதல்ல. நடத்துகிறவர்கள் கல் மாதிரி அடித்து வைத்திருப்பார்கள். கடைசி இரண்டு வாரம் 12, 13 வைத்தும் பழகுங்கள். ஒரு கேஜ் இருந்தால் போதும், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும். பயிற்சிக்கு ரப்பர் மேல்தோல் ஒட்டிய பந்து வாங்குங்கள். தையல் பந்து செம்மண்ணில் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். பூட்ஸின் அடியில் நீளமான திருகு ஸ்டட் (முளை) இந்தத் தரைக்கு ஆகாது. அது மண்ணில் இறங்காது, உள்ளங்காலைக் குத்தும், கணுக்கால் பிரளும். குட்டையான, நிறைய ஸ்டட் உள்ள வார்ப்பு அடிப்பாகம் சரி. ஃபைனலுக்கு என்று புது பூட்ஸ் வாங்கித் தரும் நல்ல உள்ளங்களிடம் இரண்டு வாரம் முன்னாடியே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் கல்லூரியே போட்டியை நடத்துகிறது என்றால் கோடு போடுவதைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். 100 மீட்டருக்கு 64 மீட்டர் மைதானம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் முளை அடித்து, நீளக்கோட்டில் 8 மீட்டர், அகலக்கோட்டில் 6 மீட்டர் அளந்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே கயிறு சரியாக 10 மீட்டர் வருகிறதா பாருங்கள். வந்தால் மூலை செங்கோணம். நான்கு மூலையும் முடிந்ததும் குறுக்குக்கு இழுத்தால் இரண்டு பக்கமும் 118.7 மீட்டர் வர வேண்டும். வரவில்லையென்றால் மைதானம் சாய்ந்திருக்கிறது, ஆஃப்சைடு பார்க்கும் லைன்ஸ்மேன் திணறுவார். கோல் 7.32-க்கு 2.44. பெனால்ட்டிப் பெட்டிக்கு ஒவ்வொரு கம்பத்தின் உள்விளிம்பிலிருந்தும் பக்கவாட்டில் 16.5 மீட்டர், உள்ளே 16.5 மீட்டர், மொத்த அகலம் 40.32, சின்னப் பெட்டி 5.5, அகலம் 18.32, பெனால்ட்டிப் புள்ளி 11 மீட்டர், நடுவட்டமும் பெட்டிக்கு வெளியே உள்ள வளைவும் 9.15 ஆரம், வளைவுக்கு மையம் பெனால்ட்டிப் புள்ளி. சுண்ணாம்புத் தூள் வியர்வையோடு சேர்ந்தால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கோலமாவு விற்கிறவரிடம் மூட்டைக் கணக்கில் வெள்ளைக் கல்மாவு கிடைக்கும், அதுவே போதும்.

இந்தத் தரையில் பாஸ் பண்ணிப் பண்ணி கோல் அடிப்பது கஷ்டம் என்பதால் கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ மூன்றுக்கும் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலும் தகும். எளிமையான ஒரு கார்னரை மட்டும் சொல்கிறேன். வலது பக்கக் கார்னர், இடதுகாலன் அடிக்கிறான், பந்து கோல் பக்கமாகவே வளைந்து வரும். குறி: பக்கத்துக் கம்பத்துக்கு நேராக, சின்னப் பெட்டிக் கோட்டின் மேலே, தலை உயரம். நான்கு பேர் பெனால்ட்டிப் புள்ளிக்குப் பின்னால் கூட்டமாக நிற்கட்டும். அடிப்பவன் கையைத் தூக்கி இறக்கும்போது ஓட வேண்டும், அதற்கு முன் அசையக் கூடாது. முதலாமவன் தூரக் கம்பத்துக்குச் சத்தம் போட்டுக்கொண்டே ஓடுவான், அவனோடு ஒரு டிஃபெண்டர் போவான். இரண்டாமவன், அதாவது நல்ல ஹெட்டர் தெரிந்தவன், இரண்டு நொடி தாமதித்துப் பக்கத்துக் கம்பத்துக்குப் பாய்ந்து பந்தை நெற்றியால் உரசி மட்டும் விட வேண்டும். மூன்றாமவனும் நான்காமவனும் கோலுக்கு நடுவிலும் தூரக் கம்பத்திலும் அந்த உரசலுக்காகக் காத்திருப்பார்கள். பெட்டி விளிம்பில் ஒருவன், நடுக்கோட்டருகே இருவர். இந்த மூவரை உள்ளே இழுக்கிற ஆசைதான் எதிரணிக்கு கவுன்ட்டர் அட்டாக் கோல் தரும். கோலியின் முன்னால் நின்று அவரை நகரவிடாமல் மறித்தால் ஃபவுல். ஒருவன் அங்கே நிற்கலாம், ஆனால் பந்தைப் பார்த்து நிற்க வேண்டும், கோலியின் வழியைப் பார்த்து அல்ல. இது தவறிப் போவது எப்போதும் ஒரே இடத்தில்: இரண்டாமவன் சீக்கிரம் ஓடிவிடுவான், பந்து வரும்போது கம்பத்தைத் தாண்டி நிற்பான். ஒரு பயிற்சிக்கு இருபது கார்னர், அதில் பத்து டிஃபெண்டர்கள் இல்லாமல் வெறும் நேரத்துக்காக மட்டும்.

நீளமான த்ரோவுக்கு ஒருவனைத் தயார் செய்யுங்கள். 64 மீட்டர் அகல மைதானத்தில் பக்கக் கோட்டிலிருந்து சின்னப் பெட்டியின் ஓரம் 23 மீட்டர்தான். அவ்வளவு தூரம் எறிகிறவன் கிடைத்தால் ஒவ்வொரு த்ரோவும் ஒரு கார்னர். நேரடி த்ரோவில் ஆஃப்சைடு கிடையாது என்பதைப் பல டிஃபெண்டர்கள் அந்த நொடியில் மறந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு கையும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, இரண்டு காலிலும் ஏதோ ஒரு பகுதி தரையில். கடைசி அடியில் பின்கால் தூக்கிவிடுவதுதான் ஃபவுல் த்ரோவுக்கு வழக்கமான காரணம். பின்காலை இழுத்துக்கொண்டே எறியச் சொல்லுங்கள்.

டாஸில் ஜெயித்தால் கிக் ஆஃப் வேண்டும் என்று கேட்காதீர்கள், பக்கத்தைக் கேளுங்கள். கோல்கள் கிழக்கு மேற்காக இருந்தால் சூரியன் ஒரு ஆள். காலை மேட்சில் முதல் பாதியில்தான் சூரியன் தாழ்வாக இருக்கும். நம் கோலி கிழக்கே முதுகு காட்டி நிற்கும் பக்கத்தை எடுங்கள். சாயங்கால மேட்சில் தலைகீழ், இரண்டாம் பாதியில்தான் கண்ணைக் குத்தும். முதல் பாதி நாம் மேற்கே பார்த்து ஆடிவிட்டால் இரண்டாம் பாதி அவர்கள் கோலி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பார். வடக்கு தெற்கு மைதானம் என்றால் காற்றையும் சரிவையும் பாருங்கள். சாயங்கால இடிமழை இந்தப் பருவத்தில் சகஜம். இடி கேட்டதும் எல்லாரும் கட்டடத்துக்குள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவது தற்கொலை.

தண்ணீரும் சாப்பாடும். ஒரு எடை மெஷின் கொண்டு போங்கள். மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ பையன் 1.2 கிலோ இழந்திருந்தால் அது இரண்டு சதவீதம், ஓட்டம் விழத் தொடங்கும் அளவு. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும், ஒரே மூச்சில் அல்ல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. சிக்கனம் என்று ஒன்றை மூன்று லிட்டரில் கலக்குவதும், சுவைக்காக அரை லிட்டரில் கலக்குவதும் இரண்டுமே தப்பு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு உப்பைத் தொடாதவனுக்குத்தான் இரண்டாவது மேட்சில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறோம்.

மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்பு உடல் எடை கிலோவுக்கு இரண்டு கிராம் வீதம் மாவுச்சத்து. 60 கிலோவுக்கு 120 கிராம். சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசியை மறப்பது பாவம்: 50 கிராம் ஜவ்வரிசியில் 44 கிராம் மாவுச்சத்து இருக்கிறது; கஞ்சி காய்ச்சி 20 கிராம் சர்க்கரை, கூட இரண்டு வாழைப்பழம், கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். வயிற்றில் தங்காது, ஏப்பம் வராது. கஞ்சி பிடிக்காதவனுக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி கொஞ்சமாக. இரண்டு மேட்ச் இருக்கும் நாளில் முதல் மேட்ச் முடிந்து அரை மணி நேரத்துக்குள் வாழைப்பழமும் ஓ.ஆர்.எஸ்.ஸும், ஒரு மணி நேரத்தில் தயிர் சாதம். நிழலில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். ஜெயித்த மகிழ்ச்சியில் யாராவது பெரியவர் பிரியாணி வாங்கித் தர வருவார். "நாளைக்கு சாப்பிடுறோம்ணே" என்று சொல்ல மேனேஜருக்குத் தைரியம் வேண்டும். தட்டுவடை செட்டும் அப்படியே, ஃபைனலுக்கு அப்புறம்.

அணியில் யாருக்கு எப்போது ஓய்வு என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். முதல் சுற்றில் மூன்று கோல் முன்னிலை வந்ததும் இரண்டு விங்கரையும் ஒரு நடு ஆட்டக்காரனையும் வெளியே எடுங்கள், "இன்னும் ரெண்டு போடுறேன் சார்" என்று கெஞ்சினாலும். நாக் அவுட்டில் கோல் வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. சென்டர் பேக் ஜோடியை மட்டும் கலைக்காதீர்கள். செம்மண்ணில் ஸ்லைடிங் டேக்கிள் போட்டு முட்டி, இடுப்பு உரிந்தவர்களுக்கு உடனே சுத்தமான தண்ணீரும் சோப்பும். மண் துகள் உள்ளே இருக்கும்போது மேலே மருந்து தடவுவது சீழ் பிடிக்கத்தான். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று சீசன் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். கணுக்கால் பிரண்டால் துணி சுற்றிய ஐஸ் 15-20 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே. ஸ்பிரே வலியை மரக்கடிக்கும், அவ்வளவுதான். தலையில் மோதி மயங்கியவன், தடுமாறியவன், ஸ்கோர் மறந்தவன் அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. ஃபைனலாக இருந்தாலும்.

அட்டை வாங்குவதில் நம் பையன்களுக்குத் தனித் திறமை. கோல் அடித்ததும் ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள். ரெஃப்ரியிடம் வாயாடினால் மஞ்சள். இரண்டும் ஒரே மேட்சில் என்றால் வெளியே. கேப்டனைத் தவிர யாரும் ரெஃப்ரியிடம் பேசக் கூடாது என்று வையுங்கள். 2025 ஜூலையிலிருந்து வந்த மாற்றத்தையும் கோலிகள் பழக வேண்டும்: பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி விரலால் எண்ணிக் காட்டுவார். முன்னிலையில் இருக்கும்போது படுத்துக்கொண்டு நேரம் கடத்தும் பழைய வித்தை இனி ஆபத்து.

டை பிரேக்கர். நாலு மேட்சில் ஒன்றாவது இங்கே வந்து நிற்கும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். ஆட்டம் முடியும்போது மைதானத்தில் இருந்தவர்கள்தான் அடிக்க முடியும். ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் சப்ஸ்டிட்யூட் செய்யும்போது பெனால்ட்டி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எதிரணியில் ஒருவன் சிவப்பு அட்டையில் போயிருந்தால் நாமும் ஒருவரைக் குறைத்துப் பத்து பேராக வேண்டும். அடிக்கவே பயப்படுகிறவனை எடுத்துவிட அது ஒரு வாய்ப்பு. ஐந்து பேரை அல்ல, பதினொரு பேரையும் வரிசைப்படுத்துங்கள், ஐந்தும் சமமானால் வரும் சடன் டெத்தில் ஏழாவது ஆள் யார் என்று வட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பயிற்சியைக் கடைசியில், கால் களைத்தபின் வையுங்கள். ஒவ்வொருவனும் நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வரட்டும், மற்றவர்கள் கத்தட்டும்.

அடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். செம்மண் மைதானத்தில் மூன்று நாளில் பெனால்ட்டிப் புள்ளி குழியாகிவிடும், அதன் இடப்பக்கத்தில் வலதுகாலன்களின் ஊன்றுகால் தோண்டிய இன்னொரு குழி. பந்தை வைக்கும் முன் பூட்ஸ் நுனியால் பொடிக்கல்லைத் தள்ளி, ஊன்றுகால் விழும் இடத்தை மிதித்துச் சமப்படுத்த வேண்டும். ஊன்றுகால் சறுக்கினால் பந்து கம்பத்துக்கு மேலே போகும், அல்லது மறுகாலில் பட்டுவிடும். அப்படித் தற்செயலாக இரண்டு முறை பட்டு கோலானால் திரும்ப அடிக்கச் சொல்வார்கள், கோலாகாவிட்டால் டை பிரேக்கரில் அது போனது போனதுதான். மூலையை வட்டத்திலேயே முடிவு செய்துவிட்டு வர வேண்டும். ஓடி வரும்போது கோலியைப் பார்த்து மனம் மாறியவன் அடிக்கும் பந்து நடுவில் மெதுவாக உருளும். கோலிக்கு ஒரு விதி: பந்தை உதைக்கும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ பின்னாலோ இருக்க வேண்டும். முன்னாலே பாய்ந்து பிடித்துவிட்டு ஆடிப்பாடியபின் ரெஃப்ரி மறுபடி அடிக்கச் சொல்வதைவிட, அரை நொடி பொறுத்துப் பக்கவாட்டில் பாய்வது மேல்.

கோப்பை கைக்கு வந்த அன்றே இரண்டு வேலை இருக்கிறது. சுழற்கோப்பை என்றால் அடியில் உள்ள பட்டையில் கல்லூரிப் பெயர் பொறிப்பது யார் செலவு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பல்கலைக்கழகத் தேர்வு முகாமுக்கு யார் யார் பெயர் கொடுக்கிறார்கள் என்று மைதானத்திலேயே தெரிந்துகொண்டு, அந்தப் பையன்களின் ஓ.டி. கடிதத்தையும் சான்றிதழ் நகல்களையும் மறுநாள் காலையே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். முகாம் தேதி பெரும்பாலும் திடீரென்றுதான் வரும்.